தூங்குமூஞ்சி சிலிண்டர்

ஒரு பிக்கப் வண்டியின் இன்ஜினில் எட்டு சிலிண்டர்கள். சமதளச் சாலை வந்தால் பெட்ரோலை மிச்சம் பிடிக்க அதில் பாதி தூங்கிவிடும். நாலாவது சிலிண்டர் பெரிய தூங்குமூஞ்சி. முதலாளி ஒருநாள் ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு குட்டிக் கருவியைச் சொருகினார். அன்றிலிருந்து நாலாவது கண்ணை மூடினாலே அந்தக் கருவி கிள்ளி எழுப்பியது.

"உனக்கு நான் என்னடா பாவம் பண்ணினேன்?" என்றது நாலாவது. "பக்கத்து சீட்டைப் பாரு. முதலாளி சம்சாரம் வாயைப் பிளந்துகிட்டுத் தூங்குது. அதைப் போய்க் கிள்ளேன்."

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நீங்க கண்ணசந்தா வண்டி உதறுது. அந்தம்மா திடுக்குன்னு முழிச்சுக்கறாங்க. அதுக்காகத்தான் முதலாளி என்னை வாங்கினாரு."

எதிரே ஒரு மேடு வந்தது.

"சத்தம் போடாம ஏறுங்கப்பா," என்றது நாலாவது, மற்ற ஏழிடமும்.