மேலாளர் அறையில் ஒரு குதிரை

ஜாவுரேயின் குதிரைலாயம் துத்தநாக ஆலையின் மதிலை ஒட்டி இருந்தது. ஆலைப் புகையில் மூச்சடைத்துச் செத்த பெண்குதிரையை ஏப்ரலில் அவளே புல்வெளியில் புதைத்தாள். ஜூன் மாதக் காலை ஒன்றில் லாயத்தைத் திறந்தபோது, அது தன் பழைய இடத்தில் நின்று வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. அதன் மூச்சு மஞ்சள் புகையாக வந்தது.

ஜாவுரே அலறவில்லை. கடிவாளம் மாட்டி, நேரே ஆலை மேலாளர் மெய்ராமின் அறைக்கு அதை நடத்திக்கொண்டு போனாள்.

"அக்கா, இது செத்துட்டதா நீங்கதானே புகார் குடுத்தீங்க?"

"செத்துதான் போச்சு தம்பி. காத்துல ஒரு கோளாறும் இல்லன்னு சொன்னீங்கள்ல? அதை இதுகிட்டயே சொல்லுங்க."

குதிரை இருமியது. அறை மஞ்சளாயிற்று. மெய்ராம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனார். வெளியே புகைபோக்கியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"லாயத்தை வேற எங்கயாவது மாத்திக்குங்க. இடம் நாங்க தர்றோம்."

"ஆலை வர்றதுக்கு முன்னாடியே நாங்க இங்க இருக்கோம். நகர வேண்டியது நாங்க இல்ல."

குதிரை மேஜையருகே கால்மடக்கிப் படுத்தது. காவலாளிகள் எல்லோரும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. ஜாவுரே அதன் கழுத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மாலையில் ஆலைச் சங்கு ஊதியது. தொழிலாளர்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொருவராக உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, ஏறி இறங்கும் குதிரையின் விலாவைப் பார்த்தபடி அவளருகே தரையில் உட்கார்ந்தார்கள்.