தட்டுச் சத்தம்

கடல் நடுவே நிற்கும் எண்ணெய்த் துரப்பண மேடையில் யாருக்கு யாரோடு பிணக்கு என்பதெல்லாம் சமையற்காரருக்கு அத்துப்படி. டீ கொதித்ததும் எவர்சில்வர் தட்டால் ஜன்னல் கண்ணாடியில் நாலு அடி அடிப்பார். கீழே வேலை செய்கிறவர்கள் ஓடி வருவார்கள். இப்போது டீ இன்னும் கொதிக்கவில்லை. அவர் கண் மட்டும் வெளியே மேய்கிறது. எண்ணெய்ப் பிசுக்கில் வெயில் மினுங்கும் தளத்தில், போன மாதம் கல்யாணமான புதுமாப்பிள்ளை தனக்குள் சிரித்தபடி நிற்கிறான். "ஆளு இங்க, மனசு வீட்ல. பாத்தீங்களா டிரில்லரே?" என்கிறார். கையில் கட்டோடு சமையலறைப் பெஞ்சில் ஹெலிகாப்டருக்குக் காத்திருக்கும் டிரில்லர் நிமிராமலே சொல்கிறார்: "நானும் நேத்து அப்பிடி நின்னுதான்யா ரெண்டு விரலைத் தாரை வார்த்தேன்." சிரிக்க வாய் திறந்த சமையற்காரர் அப்படியே நிற்கிறார். மாப்பிள்ளையின் ஒரு கால், தரையில் வளையமாகக் கிடக்கும் இரும்புக் கயிற்றுக்குள் இருக்கிறது. கயிற்றை இழுக்கும் விஞ்ச்காரன் குழாய் அடுக்குக்கு அந்தப் பக்கம். அவனுக்கு இந்தக் கால் தெரியாது. விஞ்ச் உறுமுகிறது. வளையம் மெல்லச் சிறுக்கிறது. "டேய், காலு! காலு!" கத்தல் கண்ணாடியைத் தாண்டவில்லை. கைக்கு அகப்பட்ட தட்டை எடுத்துக் கண்ணாடியில் அடி அடியென்று அடிக்கிறார். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறான். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, டீக்கு இன்னும் இரண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்லி, இரண்டு விரலை உயர்த்திக் காட்டுகிறான்.