மேட்டில் பன்னிரண்டரை

எங்கள் டாக்சி மேடு ஏறுகிறது. மனைவி ஓட்டுகிறாள். மூட்டை தூக்கும் என் கைகள் மடியிலிருக்கும் லேப்டாப்பை முட்டையைப்போல் பிடித்திருக்கின்றன. புகைக்குழாயில் மாட்டிய சென்சார், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று எரிகிறது என்று திரையில் எழுதியபடி வருகிறது. ஏற்றத்தில் பதின்மூன்றைத் தாண்டினால் பெட்ரோல் போதாமல் சூடேறி, இப்போதுதான் மாற்றிய புது பிஸ்டன் கருகிவிடும். எங்களுக்குச் சோறு போடும் வண்டி. "சத்தமா வாசிங்க," என்கிறாள். "பன்னெண்டரை. பன்னெண்டரை." திரையில் வெயில் வழிகிறது, உள்ளங்கையால் மறைத்துக்கொள்கிறேன். எண்ணைக் காட்டும் கோடு நடுங்காமல் போகிறது. உச்சியைத் தொட்டதும் எண் இருபதுக்குத் தாவுகிறது. "ஏறுது, காலை எடு." "எடுத்துட்டேங்க, அதனாலதான் ஏறுது. இப்போ பெட்ரோலே போகலை, வெறும் காத்து." கண்ணாடியை இறக்குகிறாள். எஞ்சின் மெல்ல முனக, வண்டி இறங்குகிறது. "மேடு முடிஞ்சிடுச்சு. நீங்களும் மூச்சு விடுங்க."