ஸ்டேஷன் மாஸ்டரின் தூக்கம்

பலகையில் ஏறிவிட்டது.

ஸ்ரீரங்கன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் எழுதியதேதான். போதாததற்குக் கீழே பதில்கள் வேறு வந்திருந்தன.

சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை. தி.நகரில் தோல் ஏற்றுமதி ஆபீஸ் ஒன்றில் நாளெல்லாம் டெலக்ஸ் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே லஸ் முனைக்கு வந்து, மாடிப்படி ஏறி இந்த பிரவுசிங் சென்டரில் உட்காரும்போது இடுப்பு தனியாகக் கழன்று வந்துவிடும்போல் இருக்கும். வீட்டுக்குப் போய்க் காலை நீட்ட வேண்டிய மனுஷன், எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகள் ஜப்பான் கார்ட்டூனைப் பற்றிக் கூடிப் பேசும் இணையப் பலகையில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நின்றார்.

அங்கே 'பச்சைக்குடை' என்ற பெயரில் ஒருவர் எழுதுகிறார். அவர் தனக்கு ஒரு பதில் போட வேண்டும். ஸ்ரீரங்கனுக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தப் பெயர் எப்படித் தெரியவந்தது என்பதை அவர் யாரிடமும் சொல்வதாக இல்லை.

ஆனால் அங்கே அவ்வளவு லேசில் உள்ளே விட மாட்டார்கள். புதிதாக வருகிறவர் எழுதியதை நிர்வாகிகள் படித்துப் பார்த்து, சரி என்றால்தான் பலகையில் ஏற்றுவார்கள். முதல் தடவை அவர் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். சென்டரைப் பார்த்துக்கொள்ளும் வஜீஹாதான் காரணத்தைப் படித்துச் சொன்னாள்.

"அங்கிள், எல்லாத்தையும் கேப்பிட்டல்லயே அடிச்சிருக்கீங்க. அங்க அப்டி அடிச்சா கத்துறீங்கன்னு அர்த்தம்."

"நான் எங்கம்மா கத்தினேன்? டெலக்ஸ்ல பெரிய எழுத்துதானே உண்டு, இத்தனை வருஷமா இப்படித்தான் அடிச்சிண்டிருக்கேன்."

இரண்டாம் தடவை வேறு வம்பு. கதையின் முடிவைப் பற்றி எழுதுகிறவர் முதலில் ஓர் எச்சரிக்கை போட்டு, திரை நிறைய வெற்று வரிகள் விட்டு, அப்புறம்தான் விஷயத்துக்கு வரவேண்டுமாம். இன்னும் பார்க்காதவர்கள் படிக்காமல் விலகிக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. டெலக்ஸில் ஒரு வார்த்தை கூடினாலும் காசு கூடுமென்று முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? எடுத்த எடுப்பிலேயே முடிவைப் போட்டு உடைத்துவிட்டார். அதுவும் குப்பைக்குப் போனது.

மூன்றாம் தடவை நல்ல பிள்ளையாகச் சின்ன எழுத்தில் அடித்தார். வெற்று வரிகளையும், மனசே இல்லாமல், ஒவ்வொன்றாகத் தட்டி விட்டார்.

அந்தக் கார்ட்டூன் படத்தின் கதை ஒன்றும் பிரமாதமில்லை. மலையோரத்தில் ஒரு சின்ன ரயில் நிலையம். ஸ்டேஷன் மாஸ்டரின் மகள், விடிவதற்குள் வீட்டை விட்டு இறங்கி முதல் வண்டியைப் பிடித்துப் போய்விடுகிறாள். அப்பா பாயில் தூங்கிக்கொண்டிருக்கிறார். காட்டுவது அவ்வளவுதான். அந்தப் படத்தின் கேசட்டை அவர் வீட்டில் எத்தனை தடவை போட்டுப் பார்த்தார் என்பது அவர் மனைவிக்குத்தான் தெரியும். ஏன் என்று அவள் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

அந்த அப்பா உண்மையிலேயே தூங்கினாரா? பலகையில் மாதக்கணக்காக நடக்கும் சண்டையே இதுதான்.

தூங்கவில்லை என்று ஸ்ரீரங்கன் எழுதியிருந்தார். எழுந்தால் தடுத்தாக வேண்டும். நாலு பேருக்காகவாவது சத்தம் போட்டாக வேண்டும். அவருக்குத் தடுக்க மனசில்லை, வாயைத் திறந்து போ என்று சொல்லவும் தைரியமில்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பாவம், அவரால் முடிந்தது அதுதான்.

இப்போது பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தார். இத்தனை நாளில் யாரும் இப்படி யோசிக்கவில்லை என்று பிரேசிலிலிருந்து ஒரு பையன் எழுதியிருந்தான். கனடாவில் ஒரு பெண் அழுதுவிட்டாளாம். நீங்கள் எந்தக் காலேஜ் என்று கேட்டிருந்தான் இன்னொருவன். ஸ்ரீரங்கனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

எல்லோருக்கும் கீழே பச்சைக்குடை.

பேரைப் பார்த்த பிறகும் கீழே படிக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வஜீஹா ஏதோ கேட்டது காதில் விழவில்லை.

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தப்பு. நானும் அப்படி வீட்டை விட்டு வந்தவள்தான், என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த அன்று காலையில். என் அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். விழித்திருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். அவரை எனக்குத் தெரியும்."

ஸ்ரீரங்கன் விசைப்பலகையில் விரல்களை வைத்தார். பெரிய எழுத்தும் வரவில்லை, சின்ன எழுத்தும் வரவில்லை.

அன்று காலையில் அவருடைய மகள் ஜானு, போகும்முன் ஃபேனை ஒரு புள்ளி குறைத்தாள். போர்வையை அவர் கால்வரை இழுத்துவிட்டாள். வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள்.