வியாழக்கிழமை ஒரு கேலன்

"வாரத்துல ஒரு நாள் மட்டும் நோவு வர்ற எஞ்சினை நான் பார்த்ததில்லீங்க" என்றார் மெக்கானிக் மாணிக்கம்.

லாரி முதலாளி அர்த்தனாரிக்கும் அதே சந்தேகம்தான். யுத்த காலம். கூப்பன் இருந்தால்தான் பெட்ரோல். பேளுக்குறிச்சியில் மலைச்சரக்கு ஏற்றிக்கொண்டு சேலம் போய்வர, அவருடைய பழைய சின்ன லாரி நாலு கேலன் குடிக்கும். வியாழக்கிழமை மட்டும் ஐந்து. மைல் மீட்டர் செத்து வெகு நாளாகிவிட்டதால், வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்று பார்க்கவும் வழியில்லை.

போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த டிரைவர் சென்றாயன்தான் பெட்ரோலைத் திருடி விற்கிறான் என்று அர்த்தனாரி முடிவு கட்டியிருந்தார். கையும் களவுமாகப் பிடித்தால் போலீசில் ஒப்படைத்துவிடுவதாகச் சொன்னார்.

மாணிக்கம் ஒரு நாள் முழுக்க வண்டியோடு கிடந்தார். பிளக்கைத் துடைத்தார். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினார். டாங்கியில் ஒழுக்கு இல்லை. பிரேக் எங்கேயும் பிடிக்கவில்லை.

கடைசியில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே ஈரப் புல் கொத்தாகச் சிக்கியிருந்தது. ஆள் உயரம் வளர்கிற மலைப்புல். சேலம் ரோட்டில் அது முளைப்பதில்லை.

இன்னொன்றும் அவர் காதில் விழுந்திருந்தது. வியாழக்கிழமை விடியற்காலையில் அந்த லாரியின் பின்னால் வெள்ளைத் துணி சுற்றிய உருவங்கள் நின்றுகொண்டு போவதைப் பார்த்ததாகச் சந்தையில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். கேட்ட யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மாணிக்கம் தானும் வருவதாகச் சொல்லி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சென்றாயன் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"அவங்க ஏறும்போது திரும்பிப் பார்க்காதீங்கண்ணா."

மாணிக்கம் முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. லாரி ரோட்டை விட்டு இறங்கி, புல்லுக்குள் புகுந்து மலையைப் பார்த்துப் போனது. கொல்லிமலையிலிருந்து ஒற்றையடிப் பாதை வந்து இறங்கும் இடத்தில் சென்றாயன் நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. நாலு பக்கமும் பனிமூட்டம். ஆள் அரவமே இல்லை.

வண்டியின் பின்பக்கம் மெல்ல ஒரு தடவை அமுங்கியது. மறுபடியும் அமுங்கியது. மாணிக்கம் எண்ணினார். ஏழு தடவை. காலடிச் சத்தம் கேட்கவில்லை, பேச்சும் கேட்கவில்லை.

பிறகு அவர் பிடரிக்குப் பின்னால் பலகையில் இரண்டு தட்டு. விரல் முட்டியால் தட்டுகிற சத்தம் இல்லை. துணி சுற்றிய கட்டையால் இடித்தது போல ஒரு மொத்தல்.

சென்றாயன் வண்டியை நகர்த்தினான்.

சில மைல் தள்ளி ஒரு புளியந்தோப்பில் வண்டி நின்றபோது வெளிச்சம் வந்துவிட்டது. மரத்தடியில் ஒரு மேஜை. அதன் மேல் ஸ்டவ்வில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு டாக்டர்.

லாரியிலிருந்து இறங்கியவர்களுடைய கையிலும் காலிலும் துணிக்கட்டு. மாணிக்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. குஷ்ட நோயாளிகள். டாக்டர் வியாழக்கிழமை தோறும் வந்து எண்ணெய் ஊசி போடுகிறார். எந்த பஸ்ஸிலும் இவர்களை ஏற்றுவதில்லை. அந்தக் காலோடு அவ்வளவு தூரம் நடக்கவும் முடியாது. காலையில் கொண்டுவந்து விடுவதும், சாயங்காலம் மலையடியில் இறக்கிவிடுவதும் சென்றாயன்தான்.

கடைசியாக ஒரு பெண் இறங்கினாள். முகத்திலிருந்து துணி விலகியது.

அது அர்த்தனாரியின் மனைவி பழனியம்மாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் மலைக்கோயிலுக்குப் போனார்கள். மலைக்காய்ச்சலில் அவள் செத்துப்போனாள், அங்கேயே எரித்துவிட்டேன் என்று அழுதுகொண்டு அர்த்தனாரி தனியாகத் திரும்பி வந்தார். அவளுடைய கருமாதியில் மாணிக்கமும் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

"பயப்படாதீங்கண்ணா. உசுரோடதான் இருக்கறேன்" என்றாள் அவள்.

காய்ச்சலில் தனக்கு மூச்சு நின்றுபோனதாகவும், எரிக்கிற வேலையை மலைக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு, பார்க்கப் பொறுக்காமல் அவர் இறங்கிப் போய்விட்டதாகவும், கட்டையில் வைத்த பிறகு தனக்கு நினைவு வந்ததாகவும் மெதுவாகச் சொன்னாள். யாருடைய மனைவி என்று சென்றாயனிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை.

"அவரு மேல ஒரு குத்தமும் இல்லீங்க. இந்த நோவு அதுக்கப்புறம் வந்ததுங்க. இதோட எப்படி ஊட்டுக்குப் போவேன்? அவருகிட்டச் சொல்லீராதீங்க. தாங்க மாட்டாரு."

மாணிக்கம் தலையை ஆட்டினார். ஆனால் நாளெல்லாம் மனசு கேட்கவில்லை. கருமாதியில் அர்த்தனாரி அழுத அழுகையைப் பார்த்தவர் அவர். உயிரோடு இருக்கிறாள் என்பதை மட்டும் இப்போது சொல்லுவோம், நோயைப் பற்றிப் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு, சாயங்காலம் அவருடைய வீட்டுக்குப் போனார்.

"மொதலாளி, வண்டியில கோளாறு இல்லீங்க. சென்றாயனும் திருடலீங்க. மனசைத் தைரியமா வெச்சுக்கிட்டுக் கேளுங்க. உங்க சம்சாரம் உசுரோட இருக்காங்க. இன்னிக்கு என் கண்ணால பார்த்தேன்."

அர்த்தனாரி அழவில்லை. எங்கே என்று கேட்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"வெரலெல்லாம் இன்னும் இருக்குதா?"