காதுக்குப் பின்னால்

கன்றுகள் சீக்கிரம் சதைபோட வேண்டும் என்று பண்ணைக்காரர் அவற்றின் காதுத் தோலுக்கடியில் ஹார்மோன் மாத்திரை வைப்பார். அவற்றில் ஒரு கிடாரிக் கன்று மளமளவென்று ஊதியது. பால்குடி மறக்கும் முன்பே அதற்கு மடி இறங்கிவிட்டது. கடைசியில் உடம்பைத் தாங்க முடியாமல் கால்கள் மடங்கி விழுந்து செத்தது. தாய்ப்பசு கத்தவில்லை.

மறுநாள் தீவனம் வைக்கக் குனிந்த பண்ணைக்காரரின் காதுக்குப் பின்னால் அது நக்கியது. பிறகு தினமும் அதே இடத்தில் நக்கியது.

“பாருடி, பிள்ளையைப் பறிகொடுத்தும் என்மேல என்ன பாசம்!” என்றார்.

“பாசமா? எனக்கென்னவோ நல்லதாப் படலை. அது பக்கத்துல போகாதீங்க,” என்றாள் மனைவி.

சில வாரங்களில் அந்த இடத்தில் பட்டாணி போல ஒரு கட்டி தட்டுப்பட்டது. சட்டைகள் பத்தாமல் போயின. மார்பு கனத்துப் பால் கசிந்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் முகம் சுளித்தார்.

“கன்னுக்குட்டிக்குப் போடுற மருந்தை நீங்க எதுக்குங்க போட்டுக்கிட்டீங்க?”

“சத்தியமா நான் போடலைங்க.”

மறுநாள் காலையில் கொட்டிலில் அவருடைய கால்கள் மடங்கின. கூச்சல் கேட்டு மனைவி ஓடிவந்தாள். பசு குறுக்கே நின்று மறித்தது. அவள் கம்பால் அடித்தும் நகரவில்லை. நிதானமாக அசைபோட்டபடி, அவருடைய மூச்சு அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றது.