சுவரில் எழுதப் புதிதாய் வருவோருக்கு

“ஆரடி உன்னைப் பேர் போடச் சொன்னது?”

அடைக்கலநாதன் ஈரச் சாக்கால் சுவரைத் தேய்த்தான். கரியால் சாண் உயரத்தில் எழுதியிருந்த ‘இராசமலர்’ என்ற பெயரில் முதலில் மலர் போனது, பிறகு இராசாவும் போனார். பெயருக்குச் சொந்தக்காரியான தங்கை பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

தொண்ணூற்றிரண்டில், பொருளாதாரத் தடைக்குள், சாவகச்சேரியில் சவுக்காரமும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. எது இல்லையென்றாலும் அதற்கு வழி கேட்டுச் சனம் வாசிகசாலையின் வெள்ளைச் சுவரில் கரித்துண்டால் எழுதும். தெரிந்தவர்கள் கீழே பதில் எழுதுவார்கள், தெரியாதவர்கள் அதைவிட நீளமாக எழுதுவார்கள்.

மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அடைக்கலநாதன் அந்தச் சுவருக்குத் தானாகவே அதிகாரியாகிவிட்டான். ஒருவரும் அவனை நியமிக்கவில்லை. சாக்கு அவனிடம் இருந்தது, அவ்வளவுதான்.

“புதுசா வாறவை விடுற பிழை எல்லாத்தையும் நீ ஒரே கேள்வியிலை விட்டிட்டாய். பேர் போடக் கூடாது, புனைபேர்தான். இவ்வளவு பெரிசா எழுதக் கூடாது, காதுக்குள்ளை வந்து கத்திற மாதிரிக் கிடக்கு. மற்றது, முதல் பதிலைக் கண்ட உடனை ஓடிப்போய்ச் செய்யக் கூடாது. கடைசி வரி வரைக்கும் வாசிக்கோணும். விளங்கிச்சோ?”

“ஓம் அண்ணை. உங்கடை புனைபேர் என்ன?”

“மயிலிட்டிச் சுறா.”

“அது நீங்களே? சைக்கிள் டைனமோவிலை ரேடியோ கேக்கிறது எப்பிடி எண்டு கேட்டவருக்கு, ‘வாயை மூடிக்கொண்டு மிதி’ எண்டு எழுதினது?”

“அது சுருக்கமான பதில்.”

இராசமலரின் கேள்வி இதுதான்: ‘சவுக்காரம் இல்லாமல் நல்ல சேலை ஒன்றைத் தோய்ப்பது எப்படி?’ அதன் கீழே தரைவரைக்கும் பதில்கள் இறங்கியிருந்தன. ‘பனம்பழத்தைப் பிசைந்து அந்தத் தண்ணீரில் கசக்கவும். பளிச்சென்று வரும்’ என்றது முதலாவது. ‘தோய்க்க வேண்டாம், மறுபக்கம் திருப்பி உடுக்கவும்’ என்றது இரண்டாவது.

மயிலிட்டியை விட்டு ஓடி வரும்போது அம்மா கையோடு கொண்டுவந்த ஒரே நல்ல சேலை அது. பின்னேரம் இராசமலர் அதை உடுத்திக்கொண்டு ஸ்டூடியோவில் படம் எடுக்க வேண்டும். விடிந்ததும் கிளாலிக் கடலேரியைக் கடந்து கொழும்புக்குப் போகிற ஒருவர் படத்தைக் கொண்டுபோவார். அங்கிருந்து அது நோர்வே மாப்பிள்ளைக்குப் போகும்.

“மாப்பிளைக்கு நாப்பத்தொரு வயசாம், அண்ணை.”

“குளிர் தேசமடி. அங்கை ஆக்கள் கெதியிலை பழுதாக மாட்டினம். ஐஸ் போட்ட மீன் மாதிரி.”

“எனக்கு விருப்பமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.”

“கேள்வி எல்லாம் சுவரிலை கேள். வீட்டிலை அம்மா சொல்லுறதைக் கேள்.”

இராசமலர் செருப்பு வாரைச் சரிசெய்யச் சுவரடியில் குந்தினாள். வார் நெடுநேரம் அடம்பிடித்தது.

“செருப்பைக் கையிலை தூக்கிக்கொண்டு வாடி, வெயில் ஏறுது!”

மத்தியானத்துக்குள் சேலை தோய்ந்து முடிந்தது. உண்மையிலேயே பளிச்சென்றுதான் இருந்தது. அம்மா அதை முகர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

“பனங்காய்ப் பணியாரம் மாதிரி மணக்குது பிள்ளை. கொடியிலை போடன்.”

“கொடி நிழலுக்கை கிடக்கம்மா. வேலியிலைதான் நல்ல வெயில்.”

“எங்கையாவது போடு. கெதியாக் காய்ஞ்சால் சரி. இந்தச் செல்லடிக்குள்ளை இருந்து நீ ஒருத்தியாவது தப்பினால் எனக்குக் காணும்.”

சற்று நேரத்தில் அம்மா போட்ட கூச்சலுக்கு, செல் வருகிறதென்று பக்கத்து வீட்டுக்காரர் பதுங்குகுழிக்குள் பாய்ந்தார்.

வேலியோரம், அவர்களுக்கு இருக்க இடம் தந்த வீட்டுக்காரரின் மாடு நின்றது. சேலையில் முக்கால்வாசி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. மிச்சத் தலைப்பை அம்மா ஒரு பக்கம் இழுக்க, மாடு மறுபக்கம் இழுத்தது. மாடு வென்றது.

இராசமலரை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போக வந்த கலியாணத் தரகர் நல்லம்மா வேலிப் படலையிலேயே நின்றுவிட்டாள்.

“மாதாவே! படம் எடுக்கிற நாளிலை பொம்பிளையின்ரை சேலையை மாடு திண்டதோ?”

“ஆரிட்டையும் ஒண்டு வாங்கி உடுக்கலாம் அக்கா,” என்று அம்மா செபமாலை கெஞ்சினாள்.

“சேலை வாங்கலாம் செபமாலை, சகுனத்தை ஆரிட்டை வாங்கிறது? கைதடியிலை வேறை ஒரு பிள்ளை இருக்கு. நான் அங்காலை போறன்.”

நல்லம்மாவின் சைக்கிள் மறைவதற்குள் அடைக்கலநாதன் வாசிகசாலைக்கு ஓடினான், பனம்பழம் என்று எழுதியவனைக் கண்டுபிடித்து உதைக்க. கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாம் புனைபெயர்.

பதில்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே இறங்கினான். கடைசி வரி தரையோடு தரையாக இருந்தது. அதற்கு அவனும் குந்த வேண்டியிருந்தது.

‘பனம்பழத்தில் தோய்த்ததை மாட்டுக்கு எட்டக் காயப் போடாதீர்கள். இடுப்பில் கட்டுகிற என்ரை சாரத்தை முழுக்கச் சப்பிவிட்டது. – சாரமில்லாதவன்.’

மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். அம்மா தலையில் கைவைத்து இருந்தாள். இராசமலர் மாட்டுக்குக் கழுநீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“விசரி! படிச்சுப் படிச்சுச் சொன்னனான் எல்லே, கடைசி வரி வரைக்கும் வாசி எண்டு!”

இராசமலர் மாட்டின் கழுத்தைத் தடவிவிட்டாள்.

“வாசிச்சனான் அண்ணை. அதாலைதான் வேலியிலை போட்டனான்.”